வீட்டுக் காணொளிகளுக்கு ஏற்ற எடிட்டிங் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

பிறந்தநாள், பயணம், பள்ளி விழா, பெரியவர்களின் பேச்சு என்று கைபேசியில் சேர்ந்துகொண்டே போகும் வீடியோக்களை ஒருநாள் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தி, பத்து நிமிடம் அமர்ந்து பார்க்கும்படியான ஒரு படமாக ஆக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் வருவதுண்டு. அந்த எண்ணத்தோடு இணையத்தில் தேடினால் முதலில் எதிர்ப்படுவது மென்பொருள்களின் நீண்ட பட்டியலும், ஒவ்வொன்றிலும் எத்தனை நூறு விளைவுகள் இருக்கின்றன என்ற விளம்பரமும்தான். வீட்டுப் படத்தைத் தொகுக்க விரும்புபவருக்கு அந்தப் பட்டியலால் அதிகப் பயன் இல்லை. தம்மிடம் உள்ள கோப்புகளை ஒரு மென்பொருள் சிக்கலின்றித் திறக்குமா, தம் கணினி அதைத் தாங்குமா, முடித்த படத்தை வாட்டர்மார்க் (படத்தின் மேல் பொறிக்கப்படும் நிறுவனப் பெயர்) இல்லாமல் வெளியே எடுக்க முடியுமா என்பவையே அவருடைய கேள்விகள். சொந்தக் கோப்புகளைக் கொண்டு ஒரு சிறு படத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை செய்து பார்ப்பவருக்கு மட்டுமே இவற்றுக்கு விடை கிடைக்கும். அந்தச் சோதனைக்கு ஆயத்தமாவது எப்படி, எந்த மென்பொருள்களைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம், சோதனையில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: கோப்புகளைத் திரட்டிப் பார்த்தல்

எந்த மென்பொருளையும் பதிவிறக்குவதற்கு முன்னால், தொகுக்க நினைக்கும் வீடியோக்கள் அனைத்தையும் கணினியில் ஒரே கோப்புறைக்குள் கொண்டுவாருங்கள். ஒரே கைபேசியில் எடுத்தவை மட்டும்தான் என்றால் வேலை எளிது. பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. இரண்டு மூன்று கைபேசிகளில் எடுத்தவை, உறவினர் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, பழைய கேம்கார்டரில் இருந்தவை, விஎச்எஸ் நாடாவிலிருந்து மாற்றியவை என்று எல்லாம் கலந்தே இருக்கும். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரண முறையில் அனுப்பப்படும் வீடியோ சுருக்கப்பட்டே வந்து சேர்கிறது. இழந்த தெளிவை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது. ஆகவே முக்கியமான காட்சிகளை அனுப்பியவரிடம், அதே வீடியோவை ‘டாக்குமெண்ட்’ ஆக இணைத்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அப்போது மூலக் கோப்பே மாறாமல் வரும்.

கோப்பின் பெயர் எம்பி4 என்று முடிவதை மட்டும் வைத்து அதன் தன்மையை அறிய முடியாது. எம்பி4 என்பது ஓர் உறை. அதற்குள் இருக்கும் படம் எந்தக் கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில், சுருக்கப்பட்டிருக்கிறது என்பதையே தொகுப்பு மென்பொருள் பார்க்கிறது. 2003இல் வெளியான எச்.264 இன்றைய எல்லாக் கருவிகளிலும் ஓடும். 2013இல் வந்த எச்.265, அதாவது எச்இவிசி, ஏறத்தாழ அதே தரத்தை மிகக் குறைந்த இடத்தில் அடக்கிவிடுகிறது. ஆனால் அதை விரித்துக் காட்டுவது கணினிக்குக் கூடுதல் சுமை. ஐபோனில் எடுக்கும் 1080பி வீடியோ ஒரு நிமிடத்துக்கு எச்இவிசி முறையில் சுமார் 60 எம்பி, எச்.264 முறையில் சுமார் 130 எம்பி என்று ஆப்பிளின் கேமரா அமைப்புகளே காட்டுகின்றன. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் எச்இவிசி முறையிலேயே பதிவு செய்கின்றன. இனி எடுக்கப்போகும் வீடியோக்கள் பழைய கணினியில் தொகுக்கப்படும் என்றால், கேமரா அமைப்புகளில் உள்ள ‘ஃபார்மட்ஸ்’ பகுதியில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்பதைத் தேர்ந்துவிடுவது நல்லது. ஏற்கெனவே எடுத்தவற்றின் கோடெக்கை அறிய, விஎல்சி பிளேயரில் அந்த வீடியோவைத் திறந்து ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதைச் சொடுக்கினால் போதும்.

கைபேசி வீடியோக்களுக்கு இன்னொரு குணம் உண்டு. வெளிச்சம் குறையும்போதும் கைபேசி சூடேறும்போதும் நொடிக்கு எத்தனை பிரேம் (வீடியோவை ஆக்கும் தனித்தனிப் படங்கள்) என்பதை அவை தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. மாறும் பிரேம் வீதம் எனப்படும் இந்தக் குணத்தைச் சில மென்பொருள்களால் சரியாகக் கையாள முடிவதில்லை. அதனால் வீடியோவின் தொடக்கத்தில் பொருந்தியிருந்த குரலும் உதடும் பத்தாவது நிமிடத்தில் பிரிந்துவிடுகின்றன. புதியவர்கள் பலர் இதைத் தம் கைத்தவறு என்று எண்ணி மணிக்கணக்கில் ஒலியை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். ஷாட்கட், கெடென்லைவ் ஆகிய இலவசத் தொகுப்பு மென்பொருள்கள் இத்தகைய கோப்பைக் கண்டதும் தொகுப்பதற்கு ஏற்ற வடிவுக்கு மாற்றித் தரட்டுமா என்று தாமே கேட்கின்றன. அவ்வாறு கேட்காத மென்பொருளை விரும்பினால், ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ என்ற விருப்பத்தைத் தேர்ந்து கோப்பை முன்னதாகவே மாற்றிக்கொள்ளலாம்.

பழைய கேம்கார்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். சோனியும் பானசோனிக்கும் 2006இல் அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி முறையில் பதிவு செய்யும் கேமராக்கள், நீளமான பதிவைப் பல எம்டிஎஸ் கோப்புகளாகத் துண்டித்து வைக்கின்றன. ஆகவே நினைவக அட்டையிலிருந்து வீடியோக்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், அட்டையின் கோப்புறை அமைப்பு முழுவதையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். அடுத்து, நாடாக் காலத்துப் பதிவுகளும் பல ஏவிசிஎச்டி பதிவுகளும் ஒற்றை வரிகள் ஒரு முறையும் இரட்டை வரிகள் ஒரு முறையுமாகப் பதிவாகும் இன்டர்லேஸ் முறையில் அமைந்தவை. கணினித் திரையில் அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரிந்தால் காரணம் இதுதான். அப்படிப்பட்ட கோப்புகள் உங்களிடம் இருந்தால், டிஇன்டர்லேஸ் செய்யும் வசதி தேர்ந்தெடுக்கும் மென்பொருளில் கட்டாயம் இருக்க வேண்டும். மினிடிவி நாடாவைக் கணினிக்கு மாற்றும்போது ஒரு மணி நேரப் பதிவு சுமார் 13 ஜிபி இடத்தை எடுக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கணினியின் வலுவை அறிதல்

1080பி வீடியோக்களை மட்டும் தொகுப்பவருக்கு 8 ஜிபி ராம் உள்ள சாதாரண மடிக்கணினி பெரும்பாலும் போதும். 4கே வீடியோ என்றால் 16 ஜிபி ராமும், எச்.265 கோப்பை வன்பொருள் வழியாகவே விரிக்கக்கூடிய ஓரளவு புதிய செயலகமும் இருப்பது நல்லது. அவை இல்லாவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. ‘பிராக்ஸி’ என்ற வசதி உள்ள மென்பொருள், கனமான ஒவ்வொரு வீடியோவுக்கும் சிறிய நகல் ஒன்றை உருவாக்கி, தொகுக்கும்போது அந்த நகலைக் காட்டி, கடைசியில் படத்தை உருவாக்கும்போது மட்டும் மூலக் கோப்பை எடுத்துக்கொள்கிறது. பழைய கணினி வைத்திருப்பவர் வேறெந்த வசதியையும் விட இதைத்தான் முதலில் தேட வேண்டும். ஷாட்கட், கெடென்லைவ், டாவின்சி ரிசால்வ் ஆகிய மூன்றிலும் இது இலவசமாகவே கிடைக்கிறது.

வன்தட்டில் இடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஐபோனில் நொடிக்கு 30 பிரேம் வீதம் எடுத்த 4கே வீடியோ எச்இவிசி முறையில் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி; அதாவது ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 10 ஜிபி. பிராக்ஸி நகல்கள், இடைக்காலக் கோப்புகள், முடிந்த படம் ஆகியவற்றுக்கும் சேர்த்து, மூலக் கோப்புகள் எடுக்கும் இடத்தைப்போல் இரண்டு மடங்கு காலியாக இருந்தால் பாதியில் நின்றுபோகும் தொல்லை இராது.

மூன்றாம் படி: உண்மையில் வேண்டியது எது என்று முடிவு செய்தல்

வீட்டுப் படத்துக்குத் தேவையான வேலைகள் சிலவே. வீடியோவின் முன்னும் பின்னும் உள்ள வேண்டாத பகுதியை வெட்டுதல், துண்டுகளை வரிசைப்படுத்துதல், இரண்டு காட்சிகளுக்கு இடையே மெல்ல மாறும் இணைப்பு வைத்தல், தலைப்பு எழுதுதல், பின்னணி இசை சேர்த்து அதன் அளவைக் கூட்டிக் குறைத்தல், கவிழ்ந்து கிடக்கும் வீடியோவை நிமிர்த்துதல், இருண்ட காட்சியைச் சற்று வெளிச்சமாக்குதல் ஆகியவற்றை எந்த எளிய மென்பொருளும் செய்யும். காட்சிகளுக்கு இடையே படம் சுழல்வதும் கண்ணாடிபோல் உடைவதுமான நூற்றுக்கணக்கான விளைவுகளை, அவற்றை விற்பவர்களைத் தவிர வேறு யாரும் தேடுவதில்லை என்பது என் கருத்து. ஒரு படத்தில் அவற்றுள் ஒன்றை இரண்டாம் முறை பயன்படுத்தும்போதே பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டிவிடும்.

தமிழில் தலைப்பு எழுத விரும்புபவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில மென்பொருள்களின் தலைப்புக் கருவி தமிழ் எழுத்துகளைச் சரியாக இணைப்பதில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும், புள்ளி தனியே விலகி விழும். பிற மொழியில் எழுதப்படும் மதிப்புரைகளில் இந்தக் குறை பேசப்படுவதே இல்லை. கொ, கௌ, கை, ஸ்ரீ ஆகிய எழுத்துகள் வரும் ஒரு வரியைத் தட்டச்சு செய்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். விண்டோஸுடன் வரும் நிர்மலா யுஐ, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருக்களைக் கொண்டே இதைச் சோதியுங்கள். எழுத்து உடைந்தே வருகிறது, ஆனால் மற்ற வகையில் மென்பொருள் பிடித்திருக்கிறது என்றால், தலைப்பை வேறொரு வரைகலை மென்பொருளில் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக உருவாக்கி, அதை வீடியோவுக்கு மேலுள்ள தடத்தில் (ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்சிகளை அடுக்கும் வரிசையில்) வைத்துக்கொள்ளலாம். இதற்கு மென்பொருளில் குறைந்தது இரண்டு வீடியோத் தடங்கள் இருக்க வேண்டும்.

நான்காம் படி: இலவசம் என்பதன் பொருளை ஆராய்தல்

இலவசம் என்ற பெயரில் நான்கைந்து வகை ஏற்பாடுகள் உலவுகின்றன. ஷாட்கட், கெடென்லைவ், ஓப்பன்ஷாட் போன்றவை கட்டற்ற மென்பொருள்கள். வாட்டர்மார்க், கால வரம்பு, தரக் கட்டுப்பாடு ஆகிய எதுவும் அவற்றில் இல்லை. ஐமூவி, கிளிப்சாம்ப் போன்றவை இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனமே தருபவை. டாவின்சி ரிசால்வ், தொழில்முறைப் பதிப்பை விற்பதற்காக இலவசப் பதிப்பைத் தாராளமாகக் கொடுக்கும் வகை. இவை தவிர, தரவிறக்கம் மட்டும் இலவசமாக இருந்து, படத்தை முடித்து வெளியே எடுக்கும்போது நடுவில் நிறுவனத்தின் பெயரைப் பொறித்துவிடும் மென்பொருள்களும் பல உண்டு. இரண்டு வார உழைப்பு முடிந்த தறுவாயில் பணம் கேட்டால் பெரும்பாலோர் கொடுத்துவிடுவார்கள் என்பது அவர்களுடைய கணக்கு. இந்தக் கணக்கில் அகப்படாமல் இருக்க ஒரே வழி, உண்மையான வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அரை நிமிடப் படம் ஒன்றை வெளியே எடுத்துப் பார்த்துவிடுவதுதான்.

பணம் கொடுத்து வாங்குவதில் தவறில்லை. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். மாதச் சந்தா முறையில் உள்ள மென்பொருளுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினால், முடிந்த படங்கள் உங்களிடம் இருக்கும். அவற்றை உருவாக்கிய திட்டக் கோப்புகளைத் திறக்க முடியாமல் போகலாம். வாழ்நாள் உரிமம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் அந்த ஒரு பதிப்புக்கு மட்டுமே பொருந்தும்; அடுத்த பதிப்புக்குத் தனிக் கட்டணம் இருக்கும். நீண்ட காலம் ஒரே கட்டணத்தில் விற்கப்பட்டுவந்த அடோபியின் பிரீமியர் எலிமெண்ட்ஸ், 2025 பதிப்பிலிருந்து மூன்று ஆண்டு உரிமமாக மாறிவிட்டது. ஆகவே பழைய மதிப்புரையை நம்பாமல், வாங்கும் நாளில் நிறுவனத்தின் பக்கத்தில் உள்ள உரிம விதியைப் படித்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று குடும்பப் படங்கள் மட்டும் தொகுப்பவருக்குச் சந்தா எந்த வகையிலும் கட்டுப்படியாகாது.

ஐந்தாம் படி: இரண்டு மென்பொருள்களைச் சோதனைக்கு எடுத்தல்

எல்லாவற்றையும் நிறுவிப் பார்க்க முயன்றால் எதையும் கற்க முடியாது. உங்கள் கணினியைப் பொறுத்து இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேக் கணினியோ ஐபோனோ வைத்திருப்பவர் ஐமூவியில் தொடங்குவதே பொருத்தம். 1999இல் முதலில் வெளியான இது, புதியவரை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது. ஐபோனில் தொடங்கிய படத்தை மேக்கில் தொடரலாம். முதன்மைக் காட்சிக்கு மேல் இன்னும் ஒரு காட்சியை மட்டுமே அடுக்க முடியும் என்பது அதன் எல்லை. வீட்டுப் படத்துக்கு அந்த எல்லை அரிதாகவே இடிக்கும். பிற்காலத்தில் ஆப்பிளின் தொழில்முறை மென்பொருளான ஃபைனல் கட் புரோவுக்கு மாற நேர்ந்தால் ஐமூவித் திட்டத்தை அங்கே அனுப்பிக்கொள்ளவும் வழியிருக்கிறது.

விண்டோஸ் பயன்படுத்துபவர்களில் பலர் இன்றும் மூவி மேக்கரைத் தேடுகிறார்கள். 2000ஆம் ஆண்டு விண்டோஸ் மீயுடன் வந்து ஒரு தலைமுறைக்கே தொகுப்பைக் கற்றுக்கொடுத்த அந்த மென்பொருளின் விநியோகத்தை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதன் பெயரில் இன்று வேறு தளங்களில் கிடைப்பவை மைக்ரோசாஃப்ட் தருபவை அல்ல. போலிகளும் அவற்றுள் இருந்திருக்கின்றன என்பதால் அவற்றை நிறுவாமல் இருப்பதே பாதுகாப்பு. மைக்ரோசாஃப்ட் 2021இல் வாங்கிய கிளிப்சாம்ப், விண்டோஸ் 11உடன் சேர்ந்தே வருகிறது. இலவசப் பதிப்பில் 1080பி தரத்தில் வாட்டர்மார்க் இன்றிப் படத்தை எடுக்கலாம். 4கே வேண்டுமானால் கட்டணம் உண்டு. உள்ளே தெரியும் சில படங்களும் இசைத் துண்டுகளும் கட்டணப் பதிப்புக்கு உரியவை என்பதால், அவற்றின் மேல் உள்ள குறியைப் பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும். பயனர் கணக்கு எதுவும் தொடங்க விரும்பாதவருக்கு இது ஒத்துவராது.

ஷாட்கட் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முதன்முதலில் திறக்கும்போது திரை வெறுமையாக இருப்பதும், தேவையான பலகைகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருப்பதும் புதியவரைச் சற்று மிரட்டும். இரண்டு மாலைப் பொழுதுகளில் அது பழகிவிடும். நாடாவிலிருந்து மாற்றியவை, கைபேசியில் எடுத்தவை, எம்டிஎஸ் கோப்புகள் என்று எதைக் கொடுத்தாலும் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் திறப்பது இதன் பெரும் பலம். கலவையான கோப்புகளையும் சாதாரண விண்டோஸ் கணினியையும் வைத்திருப்பவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. 2002இல் தொடங்கி இன்று கேடிஇ சமூகத்தால் வளர்க்கப்படும் கெடென்லைவும் ஷாட்கட்டைப் போலவே எம்எல்டி என்ற பொறியின் மேல் கட்டப்பட்டதுதான். கோப்புகளைக் கோப்புறைகளாகப் பிரித்து அடுக்கும் வசதி அதில் மேலானது, நூற்றுக்கணக்கான துண்டுகளை வைத்து நீளமான படம் செய்பவருக்கு அது உதவும். 2008இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஷாட், தோற்றத்தில் இம்மூன்றிலும் எளிமையானது. சிறிய படங்களுக்கு அதைச் சோதித்துப் பார்க்கலாம். துண்டுகள் கூடக்கூட அதன் வேகம் குறைகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

டாவின்சி ரிசால்வைப் பற்றி அடிக்கடி கேட்கப்படுவதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் வெளியிடும் இம்மென்பொருள், திரைப்படங்களின் நிறத்தைச் சீர்செய்யப் பயன்படும் தொழில்முறைக் கருவி. நொடிக்கு 60 பிரேம் வரையிலான 4கே அல்ட்ரா எச்டி படத்தை வாட்டர்மார்க் இல்லாமல் இலவசப் பதிப்பிலேயே எடுக்க முடியும் என்பதால், இலவசத்தில் இதைவிடச் சிறந்தது இல்லை என்று சொல்வோர் உண்டு. தரத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியே. ஆனால் அதற்கு வலுவான கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபிக்குக் குறையாத ராமும் வேண்டும். கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும். லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு எச்.264 வீடியோக்களையே திறப்பதில்லை. அதாவது சாதாரணக் கைபேசி வீடியோவை அங்கே மாற்றாமல் பயன்படுத்த முடியாது. வலுவான கணினியும் இதை ஒரு கலையாகத் தொடரும் ஆர்வமும் உள்ளவருக்கு அது பொருந்தும். அடுத்த வாரம் வரும் திருமண நாளுக்கு ஐந்து நிமிடப் படம் செய்ய நினைப்பவருக்கு அது பொருந்தாது.

கைபேசியிலேயே தொகுக்கும் செயலிகளும் ஏராளம். ஒன்றிரண்டு நிமிடப் படங்களுக்கு அவை போதும், பெரிய படத்துக்குச் சிறு திரையும் குறைந்த சேமிப்பிடமும் இடைஞ்சல். அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது, வீடியோக்கள் நிறுவனத்தின் சேவையகத்துக்கு ஏற்றப்படுகின்றனவா என்பதைப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் குடும்பக் காட்சிகளில் இது அற்பமான கேள்வி அல்ல. நீண்ட வீடியோவில் வேண்டாத பகுதியை வெட்டி எறிவது மட்டுமே நோக்கமென்றால், லாஸ்லெஸ்கட் அல்லது அவிடெமக்ஸ் போன்ற சிறு கருவி போதும். அவை படத்தை மறுபடி சுருக்காமல் வெட்டுவதால் தரம் குறைவதில்லை, ஒரு மணி நேர வீடியோகூட நொடிகளில் முடிந்துவிடும். வெட்டு விழும் இடம் மட்டும் நீங்கள் குறித்த பிரேமிலிருந்து சற்று முன்பின்னாக அமையலாம்.

ஆறாம் படி: சோதனைப் படம்

தேர்ந்த இரண்டு மென்பொருள்களிலும் ஒரே படத்தைச் செய்து பாருங்கள். இரண்டு நிமிட நீளம் போதும். ஆனால் அதில் சேர்க்கும் கோப்புகள் உங்களிடம் உள்ளவற்றிலேயே தொல்லை மிகுந்தவையாக இருக்கட்டும். கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த செங்குத்து வீடியோ ஒன்று, யாரேனும் தொடர்ந்து பேசும் நீண்ட வீடியோ ஒன்று, மங்கிய வெளிச்சத்தில் எடுத்தது ஒன்று, பழைய கேமராவில் எடுத்தது ஒன்று, இரண்டு புகைப்படங்கள், ஒரு இசைக் கோப்பு ஆகியவை போதுமானவை. மென்பொருளுடன் வரும் மாதிரி வீடியோவைக் கொண்டு சோதிப்பதில் பயனில்லை. அது எப்போதும் ஒழுங்காகவே ஓடும்.

முதலில் எந்த வீடியோவைக் காலக்கோட்டில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் ‘டைம்லைன்’ பகுதியில்) வைக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. ஐமூவியும், தானியங்கி அமைப்பில் இருக்கும் ஷாட்கட்டும், முதலில் வைக்கும் வீடியோவின் அளவையும் பிரேம் வீதத்தையும் பார்த்தே படம் முழுவதற்குமான அமைப்பை முடிவு செய்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான சிறு வீடியோவை முதலில் வைத்துவிட்டால், பின்னால் வரும் தெளிவான காட்சிகளும் அந்தத் தரத்துக்கு இறங்கிவிடும். ஆகவே உங்களிடம் எண்ணிக்கையில் அதிகமுள்ள வகையைச் சேர்ந்த, நல்ல தரமுள்ள, கிடைமட்ட வீடியோ ஒன்றை முதலில் வையுங்கள். வரிசையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, பேச்சு உள்ள நீண்ட வீடியோவை வெட்டாமல் முழுமையாகக் காலக்கோட்டில் வைத்து, அதன் கடைசி நிமிடத்தைப் பாருங்கள். உதடும் குரலும் அங்கே பொருந்தியிருந்தால் பிரேம் வீதத் தொல்லை இல்லை என்று பொருள். அதன் பின் சில சொற்களை நடுவிலிருந்து வெட்டி எடுத்து, இடைவெளியை மூடிப் பாருங்கள். இந்த ஒரு வேலையைத்தான் நீங்கள் நூற்றுக்கணக்கான முறை செய்யப்போகிறீர்கள். ஆகவே அது இரண்டு சொடுக்குகளில் முடிகிறதா, ஐந்து சொடுக்குகள் ஆகிறதா என்பது விளைவுகளின் எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு முக்கியம். செங்குத்து வீடியோவைச் சேர்க்கும்போது இருபுறமும் கறுப்பாக விடுகிறதா, தலையையும் காலையும் வெட்டிவிடுகிறதா, அதே காட்சியை மங்கலாக்கிப் பின்னணியில் நிரப்ப வழியிருக்கிறதா என்று பாருங்கள். இசையைச் சேர்த்து, பேச்சு வரும் இடத்தில் அதன் ஒலியைத் தாழ்த்தி மீண்டும் உயர்த்துங்கள். தமிழ்த் தலைப்பு ஒன்றை எழுதுங்கள். பிறகு சேமித்து, மென்பொருளை மூடி, மறுபடி திறந்து எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இவ்வளவுக்குள் இரண்டு மூன்று முறை மென்பொருள் தானாக மூடிக்கொண்டால், அது உங்கள் கணினிக்கு ஏற்றதன்று. காரணம் தேடி நேரத்தைச் செலவிடாமல் அடுத்ததற்குப் போய்விடலாம்.

ஏழாம் படி: படத்தை வெளியே எடுத்தல்

ஏற்றுமதி, எக்ஸ்போர்ட், ரெண்டர் என்று வெவ்வேறு பெயர்களில் வழங்கும் கடைசி வேலைதான் பல மென்பொருள்களின் உண்மை முகத்தைக் காட்டுவது. அமைப்புகளின் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். எம்பி4 உறை, எச்.264 கோடெக், ஏஏசி ஒலி, 1080பி அளவு, மூல வீடியோவின் அதே பிரேம் வீதம் என்று வைத்தால் பெரும்பாலான தொலைக்காட்சிகளிலும் கைபேசிகளிலும் ஓடும். பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் தரவின் அளவைப் பொறுத்தவரை, 1080பி படத்துக்கு நொடிக்கு 8 மெகாபிட் என்று யூடியூப் தன் பயனர்களுக்குப் பரிந்துரைக்கிறது. 8 மெகாபிட் என்பது ஒரு மெகாபைட். ஆகவே நிமிடத்துக்கு 60 எம்பி, மணிக்கு 3.6 ஜிபி என்று கோப்பின் அளவை மனக்கணக்காகவே போட்டுவிடலாம். வீட்டில் வைத்துக்கொள்ளும் பிரதிக்கு அதை 12 அல்லது 16 ஆக உயர்த்துங்கள். விஎச்எஸ் நாடாவிலிருந்து வந்த படத்தை 4கே அளவில் எடுப்பதால் கோப்பு மட்டுமே பெருக்கும், தெளிவு கூடாது.

வெளியே எடுத்த படத்தைக் கணினியில் மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், பென்டிரைவில் ஏற்றித் தொலைக்காட்சியில் போட்டுப் பாருங்கள். எஃப்ஏடி32 முறையில் அமைந்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. மேலே சொன்ன கணக்கின்படி ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டினாலே அந்த எல்லை வந்துவிடும். உங்கள் தொலைக்காட்சி எக்ஸ்ஃபேட் முறையை ஏற்குமானால் பென்டிரைவை அப்படி மாற்றிக்கொள்ளலாம். இல்லையேல் படத்தை இரண்டு பாகமாக எடுக்க வேண்டியதுதான். யூடியூபில் ஏற்றும் எண்ணம் இருந்தால் திரைப்பாடல்களைப் பின்னணியில் வைப்பதைத் தவிர்த்து, யூடியூப் ஆடியோ லைப்ரரியில் உள்ள இசையைப் பயன்படுத்துங்கள். தனிப்பட்ட முறையில் ஏற்றினாலும் உரிமம் உள்ள பாடலைத் தானியங்கி அமைப்பு கண்டறிந்துவிடும்.

கோப்புகளைப் பாதுகாத்தல்

புதியவர்களை அதிகம் அழவைப்பது இந்தக் கடைசிப் பகுதிதான். நீங்கள் சேமிக்கும் திட்டக் கோப்புக்குள் வீடியோக்கள் எவையும் இருப்பதில்லை. எந்த வீடியோவின் எந்தப் பகுதி எந்த வரிசையில் வர வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன. சில நூறு கிலோபைட் அளவே உள்ள அந்தக் கோப்பை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்து வைத்துவிட்டு, இடத்தை மிச்சப்படுத்த மூல வீடியோக்களை அழித்துவிட்டால், மறுமுறை திறக்கும்போது வெறும் கட்டங்களே மிஞ்சும். ஐமூவி இதில் விலக்கு. அது இறக்குமதி செய்யும் வீடியோக்களைத் தன் நூலகத்துக்குள்ளேயே நகலெடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அந்த நூலகம் பல பத்து ஜிபிக்கு வளர்ந்து நிற்கிறது.

மற்றவற்றில், ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, வீடியோ, புகைப்படம், இசை, தலைப்புப் படங்கள் அனைத்தையும் தொகுப்பைத் தொடங்குவதற்கு முன்பே அதற்குள் கொண்டுவந்து, திட்டக் கோப்பையும் அங்கேயே சேமியுங்கள். ஷாட்கட்டில் இப்படி வைத்தால் கோப்புறையை முழுமையாக வேறு கணினிக்கு நகர்த்தினாலும் இணைப்புகள் அறுவதில்லை. கெடென்லைவில் ‘ஆர்க்கைவ் ப்ராஜெக்ட்’ என்ற கட்டளை, சிதறிக் கிடக்கும் கோப்புகளைத் தானே ஒன்றுதிரட்டித் தருகிறது. தொகுப்பு தொடங்கிய பின் கோப்புகளின் பெயரையோ இடத்தையோ மாற்றாதீர்கள். படம் முடிந்து, அதை முழுவதுமாக ஒருமுறை தொலைக்காட்சியில் பார்த்து, கோப்புறையின் நகலொன்று வேறொரு வன்தட்டில் ஏறிய பிறகுதான் கைபேசியில் உள்ள மூல வீடியோக்களை அழிக்கலாம்.